ஆயில் பெயிண்ட் பிரஷ்: துடைப்பதில் தொடங்கி எடுத்து வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஆயில் பெயிண்டிங் பழகும் பலர் முதல் வருடத்திலேயே நல்ல பிரஷ்களைக் கெடுத்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் அதற்குக் காரணமில்லை. பெரும்பாலானவர்கள் தினமும் கழுவத்தான் செய்கிறார்கள். ஆனால் நுனியைக் கழுவுகிறார்கள். பெயிண்ட் போய்த் தங்குவதோ முடி உலோகக் குழலுக்குள் நுழையும் இடத்தில். பிரஷ் அங்கேதான் கெடுகிறது.

ஆயில் பெயிண்ட் வாட்டர் கலர் போல நீர் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு தோல் போல இறுகுகிறது. இறுகிய பிறகு, ஈரமான பெயிண்டைக் கரைக்கும் டர்பன்டைனில்கூட எத்தனை நாள் ஊறப் போட்டாலும் கரையாது. ஈரமாக இருக்கும்போது 20 நிமிடத்தில் 6 பிரஷ் முடிந்துவிடும். இறுகிவிட்டால் ஒரு பிரஷுக்கு இரண்டு நாள் போராடினாலும் பழைய நிலை வராது.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். துடைப்பது, டர்பன்டைன், மறுபடி துடைப்பது, சோப்பு, வடிவம் கொடுப்பது, படுக்க வைத்துக் காயவைப்பது. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக நடந்திருந்தால்தான் பலன் தரும்.

1. பிரஷின் மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முடியின் முனை நுனி. நடுவில் புடைத்திருப்பது வயிறு. பெயிண்டைச் சுமப்பது அதுதான். முடி குழலுக்குள் நுழையும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். குழலுக்குள்ளே முடிகளின் அடியைச் சேர்த்துப் பசை ஊற்றி இறுக்கியிருப்பார்கள்.

கழுத்தில் பெயிண்ட் இறுகினால், விறகு பிளக்க அடிக்கும் ஆப்பு போல முடிகளை உள்ளிருந்து விலக்கும். ஃபிளாட் பிரஷின் நுனி இரண்டாகப் பிரிவதும், ரவுண்ட் பிரஷ் துடைப்பம் போல விரிவதும் இதனால்தான். "முடி கெட்டுப்போச்சு" என்று சொல்வார்கள். முடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு கழுத்தில்.

முடி எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பன்றி முடி விறைப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கும். அதன் ஒவ்வொரு முடியும் முனையில் இயல்பாகவே பிளந்திருக்கும். பெயிண்டைப் பிடித்துவைப்பது அந்தப் பிளவுதான். விரிந்த நுனியைக் கத்தரிக்கோலால் சமமாக வெட்டுபவர்கள் அந்தப் பிளவுகளையெல்லாம் வெட்டி எறிகிறார்கள். பிறகு அந்த பிரஷ் பெயிண்டைப் பிடிக்காது, கோடு கோடாக இழுக்கும். சேபிள் போன்ற மென்முடிக்கு முரட்டுத் தேய்ப்பு ஆகாது. சிந்தெடிக் முடிக்குக் கடுமையான தின்னர் ஆகாது.

2. வரைய உட்காரும் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

வரைந்து முடித்த பிறகு துணி தேடினால் அன்று பிரஷ் கழுவப்படாது. கை களைத்திருக்கும், வெளிச்சம் போயிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆகவே இவை முதலிலேயே பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய பருத்தித் துணி. நைந்த வேட்டி, லுங்கி, துண்டு எதுவானாலும் சரி. ஒரு சாண் சதுரமாகக் கிழித்து, பிரஷுக்கு இரண்டு வீதம் வையுங்கள். பாலியஸ்டர் சேலைத் துண்டு வேண்டாம். அது எண்ணெயை உறிஞ்சாது, பெயிண்டை இடம் மாற்றிப் பூசும்.

அகலமான வாயும் இறுகிய மூடியும் உள்ள கண்ணாடி பாட்டில் இரண்டு. கழுவிய ஊறுகாய் பாட்டில் போதும். தெர்மகோல் கப்பில் டர்பன்டைன் ஊற்றினால் கப்பே கரையும். மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரும் இளகக்கூடும். குடிதண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ டர்பன்டைனை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை.

ஒரு பாட்டிலுக்குள் கொசுவலைக் கம்பியை வட்டமாக வெட்டி, ஓரத்தை மடக்கி, அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி இறக்குங்கள். பிரஷை இந்த வலைமேல் உரசினால் கசடு கீழே இறங்கிவிடும், மறுபடி முடியில் ஏறாது. வலை இல்லாத பாட்டிலில் ஒவ்வொரு முறை பிரஷை விடும்போதும் நேற்றைய சேறு கலங்கி மேலே வரும்.

டர்பன்டைன் 200 மி.லி. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் டர்பன்டைனைத்தான் தருவார்கள். பிரஷ் கழுவ அது போதும். பைன் மரத்திலிருந்து எடுக்கும் அசல் டர்பன்டைன் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதைப் பெயிண்டில் கலக்க வைத்துக்கொள்ளுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான பைன் டர்பன்டைன் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். அதில் பிரஷைக் கழுவினால் பிசினைத் தடவியது போலாகும்.

கடையில் "தின்னர்" என்று கேட்டுவிடாதீர்கள். என்.சி. தின்னரை, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான கடுமையான தின்னரை, எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது பிரஷ் பிடியின் வார்னிஷை உரிக்கும், சில சிந்தெடிக் முடியைச் சுருட்டும், மூடிய அறையில் தலை சுற்ற வைக்கும். மண்ணெண்ணெய் பெயிண்டைக் கரைக்கும் என்பது உண்மைதான். போர்டு எழுதுபவர்கள் காலங்காலமாக அதில்தான் கழுவியிருக்கிறார்கள். ஆனால் அது மெதுவாக ஆவியாகும், முடியில் எண்ணெய்ப்பசையை விட்டுச் செல்லும். வேறு வழியில்லாத நாளில் பயன்படுத்தினால் அன்று சோப்பை ஒரு சுற்று கூடுதலாகப் போடுங்கள்.

இவற்றோடு சோப்பு, தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன், தண்ணீருக்கு இரண்டு கிண்ணம், நியூஸ்பேப்பர், கையுறை, பாதி தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பா ஒன்று. டப்பா எதற்கு என்பது 9ஆம் பகுதியில்.

3. புது பிரஷ் என்றால்

கடையில் முனை கூராக விறைத்து நிற்பதற்குக் காரணம் அதில் தடவிய பசை. வெதுவெதுப்பான தண்ணீரில் விரலால் மெல்லத் தேய்த்து அதைக் கரைத்துவிட்டு, ஒரு இரவு காயவைத்த பிறகு பெயிண்டில் தொடுங்கள். பசையோடு வளைத்தால் முடி ஒடியும். ஈரத்தோடு தொட்டால் பெயிண்ட் ஒட்டாது. முதல் நாளில் இரண்டு மூன்று முடி உதிர்வது சாதாரணம்.

தஞ்சாவூர் ஓவியமும் செய்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாக்பவுடரும் பசையும் கலந்த பூச்சுக்கும், தண்ணீரில் கரையும் வண்ணங்களுக்கும் தனி பிரஷ் வையுங்கள். ஆயிலில் ஒருமுறை போன பிரஷை அங்கே கொண்டுபோனால் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. பிடியின் முனையில் நூல் சுற்றியோ நிறம் தடவியோ அடையாளம் போட்டுவிடுங்கள்.

4. வரையும்போதே பாதி வேலை முடிகிறது

பெயிண்டை முடியின் பாதிக்கு மேல் ஏறவிடாதீர்கள். பாலெட்டில் வண்ணங்களைக் கலக்க பிரஷைப் பயன்படுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அழுத்திச் சுழற்றும்போது பெயிண்ட் நேராகக் கழுத்துக்குள் போகிறது. கலப்பதற்குப் பாலெட் கத்தி இருக்கிறது.

ஒவ்வொரு நிறத்துக்கும் டர்பன்டைனில் முக்கி எடுக்கும் பழக்கமும் வேண்டாம். டர்பன்டைன் பெயிண்டை நீர்க்க வைத்துக் கழுத்துக்குள் இழுத்துப் போகும். வெளிர் நிறங்களுக்கு ஒன்று, அடர் நிறங்களுக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரஷைப் பிரித்துக்கொண்டால் துணியில் துடைப்பதே போதும்.

பாட்டிலில் பிரஷை நிறுத்தி வைக்காதீர்கள். டீ குடித்து வரும் நேரம்தானே என்று தோன்றும். அதற்குள் முடியின் நுனி அடியில் அழுந்தி ஒரு பக்கமாக வளையும், குழலுக்குள் டர்பன்டைன் ஏறும். படுக்க வையுங்கள்.

எந்த நிறம் சீக்கிரம் இறுகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரா அம்பர், பர்ன்ட் அம்பர் இரண்டிலும் மாங்கனீசு உண்டு; அது எண்ணெயை வேகமாக இறுகச் செய்யும். கோபால்ட் நீலமும் பிரஷ்யன் நீலமும் அப்படித்தான். ஐவரி பிளாக், அலிசரின் கிரிம்சன் இரண்டும் மெதுவானவை. கத்திரி வெயிலில் அம்பர் தொட்ட பிரஷை மறுநாளுக்கு ஒத்திப்போடவே கூடாது. முதலில் கழுவ வேண்டியது அந்த பிரஷ்தான். பெயிண்ட் சீக்கிரம் காயச் சேர்க்கும் ஆல்கிட் மீடியம் கலந்திருந்தாலும் அதே அவசரம் உண்டு. வாகனம், பலகை, கதவு என்று எனாமல் அடித்த பிரஷுக்குச் சில மணி நேரம்தான் கெடு.

5. முதலில் துடைப்பது, திரவம் எதுவும் இல்லாமல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியை மடித்து முடியைச் சுற்றிப் பிடியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குழலின் விளிம்பிலேயே இருக்கட்டும். அங்கிருந்து நுனி நோக்கி, பால் கறப்பது போல அழுத்தி உருவுங்கள். துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாற்றி மறுபடி உருவுங்கள். நுனியிலிருந்து கழுத்து நோக்கி ஒருபோதும் தேய்க்காதீர்கள். பெயிண்டைக் கையால் உள்ளே தள்ளுவது அது.

8ஆம் எண் ஃபிளாட் பிரஷில் ஆறேழு முறை உருவினால் துணியில் கட்டியாக வந்த கறை மெல்லிய சாயமாக மாறும். அதுவரை டர்பன்டைன் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஃபிளாட் பிரஷின் இரண்டு ஓரங்களையும் தனியாகக் கவனியுங்கள். விரல் நடுவில்தான் அழுத்தும், ஓரங்கள் தப்பிவிடும்.

பெயிண்டின் பெரும்பகுதி துணியிலேயே வந்துவிட்டால் டர்பன்டைன் குறைவாகச் செலவாகும், அதன் ஆவியும் குறையும், கழுத்துக்குள் போவதற்குப் பெயிண்டே இருக்காது. துடைக்காமல் பாட்டிலில் விட்டால் ஒரே பிரஷில் 100 மி.லி. டர்பன்டைனும் சேறாகும். அந்தச் சேற்றில்தான் மற்ற 5 பிரஷும் கழுவப்படும்.

6. இரண்டு பாட்டில் டர்பன்டைன்

சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திண்ணையோ மாடியோ இன்னும் நல்லது.

வலை வைத்த முதல் பாட்டிலில் 100 மி.லி., இரண்டாவதில் 100 மி.லி. முதல் பாட்டிலில் முடியின் முக்கால் பாகம் மட்டும் மூழ்கும்படி விட்டு, வலைமேல் முன்னும் பின்னும் 10 முறை மெல்ல உரசுங்கள். குத்தாதீர்கள். எடுத்ததும் துணியில் கழுத்திலிருந்து உருவுங்கள். பிறகு இரண்டாவது பாட்டிலில் ஐந்தாறு முறை அலசி மறுபடி துடையுங்கள். துணியில் சாயம் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும்.

முதலில் வெளிர் நிற பிரஷ், கடைசியில் கறுப்பும் நீலமும். வரிசை மாறினால் வெள்ளை தொட்ட பிரஷ் சாம்பலாகும்.

ஒரே பாட்டிலில் 200 மி.லி. ஊற்றினால் ஆகாதா என்றால், ஆகாது. மூன்றாவது பிரஷிலேயே அது முழுதும் கலங்கிவிடும், கடைசி அலசலும் அழுக்கிலேயே நடக்கும். இரண்டாவது பாட்டில் பல நாள் தெளிவாக இருக்கும். முதல் பாட்டில் கெட்டியாகும்போது அதை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கி, புதிதாக 100 மி.லி. ஊற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கரையும் ஆயில் பெயிண்ட் என்றால் இந்தப் படியே தேவையில்லை. துடைத்துவிட்டு நேராகச் சோப்புக்குப் போகலாம்.

7. தேங்காய் எண்ணெய் எப்போது, எப்போது கூடாது

டர்பன்டைன் வாசம் ஒத்துக்கொள்ளாதவர்கள், வீட்டில் மூச்சிரைப்புள்ளவர்கள் தேங்காய் எண்ணெயால் கழுவலாம். பிரஷை எண்ணெயில் தோய்த்து விரலால் வேலை செய்து துணியில் உருவுவதை மூன்று முறை செய்தால் ஈரமான பெயிண்ட் வந்துவிடும். மார்கழிக் காலையில் உறைந்திருந்தால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றில் இறுகாத எண்ணெய். முடியில் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த படத்தின் பெயிண்டில் கலந்து அதைக் காயவிடாது. வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், பிறகு தூசி ஒட்டும். "என் படம் மட்டும் காயவே மாட்டேங்குது" என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் பிரஷைச் சோதிக்க வேண்டும். எண்ணெயால் கழுவினால் சோப்பு கட்டாயம். அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

8. சோப்பு: கழுத்தைக் கழுவும் படி

டர்பன்டைனில் கழுவிய பிரஷ் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் முடிகளின் நடுவே பெயிண்டின் எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது இறுகி முடி கரடுமுரடாகும். சோப்பு போடுவது இதற்காக.

எந்தச் சோப்பு? தேங்காய் எண்ணெயில் செய்த சாதாரணக் குளியல் சோப்பே போதும். துணி சோப்பு, வாஷிங் பவுடர், சலவைச் சோடா வேண்டாம். அவற்றின் காரம் எண்ணெயை நன்றாக வெட்டும், ஆனால் பன்றி முடியும் சேபிளும் நம் தலைமுடி போன்றவைதான். காரம் அவற்றையும் அரித்து உடையவைக்கும். சீயக்காய்த் தூளையும் தவிருங்கள். அதன் துகள் கழுத்தில் அடைத்துக்கொள்ளும். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் மிக நல்லது. 5 கொட்டையை விதை நீக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிசைந்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதில் சோப்பு நுரைக்காது. வெள்ளைத் திப்பியாகத் திரிந்து முடியில் ஒட்டும். காய்ந்த பிறகு முடியில் மாவு பூத்தது போலத் தெரிந்தால் குற்றம் தண்ணீருடையது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். அதுவும் குறைவென்றால் கடைசி அலசலுக்காவது ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள்.

உள்ளங்கையை நனைத்து சோப்பைத் தேய்த்து நுரை வரவழையுங்கள். பிரஷை நனைத்து, உள்ளங்கையில் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். முடி ஒரு பக்கமாகச் சாயலாம், ஆனால் குழல் கையில் முட்டும் அளவுக்கு அழுத்தக் கூடாது. நிறம் கலந்த நுரை வரும். அலசுங்கள். மறுபடி சோப்பு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். காட்மியம், கோபால்ட் நிறங்கள் என்றால் காயம் இல்லாவிட்டாலும் போடுங்கள்.

மூன்றாவது சுற்றில் நுரை வெள்ளையாகும். புதியவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். நுரை இருக்கும்போதே கழுத்தைக் கட்டைவிரல் நகத்தின் அடிப்பகுதியால் அழுத்தி, பற்பசையைப் பிதுக்குவது போல நுனி நோக்கிக் கொண்டுவாருங்கள். குழலின் விளிம்பில் நூல் மாதிரி ஒரு நிறக்கோடு கசியும். வெள்ளை நுரையின் நடுவே நீலமோ பழுப்போ மெல்ல இறங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். நாளைக்கு முடியைப் பிளக்கப் போகிற ஆப்பு அதுதான். பிரஷைத் திருப்பி நான்கு பக்கமும் இதையே செய்து, அழுத்தினாலும் வெள்ளை நுரை மட்டும் வரும்வரை விடாதீர்கள். மொத்தம் ஐந்து சுற்று ஆகலாம்.

தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்கட்டும். வெந்நீர் குழலுக்குள் இருக்கும் பசையை இளக்கும், மரப்பிடியை உப்ப வைக்கும். பிறகு குழல் ஆடும், முடி கொத்தாக உதிரும். அலசும்போது முடி கீழே பார்க்கும்படி பிடியுங்கள்.

முடியின் நிறம் மாறியிருந்தால் பதறவேண்டாம். தாலோ நீலமும் அலிசரினும் வெள்ளை முடியில் சாயம் ஏற்றிவிடும். சோதனை இதுதான்: ஈர பிரஷை வெள்ளைத் துணியில் அழுத்தி இழுங்கள். துணியில் நிறம் படவில்லை, விரலால் பிடித்தால் கழுத்து நுனியைப் போலவே நெகிழ்கிறது என்றால் சுத்தம்.

இதே அன்று செய்ய வேண்டிய இன்னொரு வேலை துணியும் கசடும். பிரஷுக்கு வடிவம் கொடுத்துவிட்டு அதற்கு வருவோம். ஆனால் அதை மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

அலசி முடித்ததும் ஒரு உதறு உதறி, உலர்ந்த துணியில் ஒற்றி எடுத்து, விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபிளாட் என்றால் இரு விரலுக்கு நடுவே தட்டையாக. ரவுண்ட் என்றால் விரலில் உருட்டிக் கூராக. நுனி அடங்காத பன்றி முடி பிரஷுக்கு, ஈரமாக இருக்கும்போதே நியூஸ்பேப்பர் துண்டை முடியைச் சுற்றி இறுக்காமல் சுருட்டி விடுங்கள். தாள் காயக் காய முடியை ஒன்றாகப் பிடித்துவைக்கும். மென்முடி பிரஷுக்குச் சோப்பு நுரையைத் துளி தடவிக் கூராக்கி விடலாம். மறுபடி எடுக்கும்போது அதை அலசிவிட்டு உலர்த்திக்கொள்ள வேண்டும்.

காயவைப்பதில் ஒரே விதி: பிரஷைச் செங்குத்தாக நிறுத்தி வைக்காதீர்கள். முடி மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தினால் தண்ணீர் குழலுக்குள் இறங்கும், உள்ளே மரம் ஊறும், பிடியின் பூச்சு வெடிக்கும். மேசை ஓரத்தில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். நிழலில், காற்றாடும் இடத்தில் ஒரு நாள். வெயிலில் வேண்டாம். மழை நாளில் இரண்டு நாள்கூட ஆகும்; மின்விசிறி போதும், ஹேர் டிரையர் தேவையில்லை.

9. துணியும் கசடும்

ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். எண்ணெய்த் துணிகளைக் கசக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கூடிக்கொண்டே போகும். தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகையில் வரைபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். துணிகளைத் தண்ணீர் உள்ள தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். குப்பைக்கூடையில் உருட்டிப் போடுவது மட்டும் கூடாது.

அழுக்கு டர்பன்டைனை மூடி, மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். நிறம் அடியில் படியும், மேலே தெளியும். தெளிவை மெல்ல வேறு பாட்டிலில் இறுத்து, அடுத்த முறை முதல் பாட்டிலாகப் பயன்படுத்துங்கள். அடியில் நிற்கும் கசடை நியூஸ்பேப்பர் திணித்த தகர டப்பாவில் கொட்டி, நெருப்பும் குழந்தைகளும் அண்டாத இடத்தில் திறந்தவெளியில் இறுகவிடுங்கள்.

வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கொல்லைப்புறத்து வாய்க்கால்தானே என்று நினைக்கலாம். அந்தத் தண்ணீர் அடுத்த மடையில் யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்குத்தான் போகிறது. டர்பன்டைன் மீனுக்கும் தவளைக்கும் நஞ்சு. காட்மியம், ஈயம் கலந்த நிறமிகள் வண்டலில் தங்கிவிடும், மட்காது. கிணற்றடியிலும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயிண்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. இறுகிய கசடையும் அப்படியே தனியாகக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

10. இறுகிப்போன பிரஷ்

முடி லேசாக விறைத்திருந்தால் சோப்பை ஈரமாக்கிக் களிம்பு போலக் குழைத்து, கழுத்து முதல் நுனி வரை அப்பி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். காலையில் விரலால் பிசைந்து அலசுங்கள். இரண்டு மூன்று இரவு திரும்பச் செய்தால் பல பிரஷ் மீளும்.

முற்றிலும் இறுகியது பன்றி முடி என்றால், முடி மட்டும் மூழ்கும்படி என்.சி. தின்னரில் 10 நிமிடம் பிடித்து, இரும்புச் சீப்பால் கழுத்திலிருந்து நுனி நோக்கிச் சீவலாம். வீட்டுக்கு வெளியே, கையுறையோடு, நெருப்பு இல்லாத இடத்தில். இது கடைசி முயற்சி. முடி வறண்டு போகும். வினிகரில் கொதிக்க வைக்கச் சொல்வார்கள். இறுகிய எண்ணெய்ப் படலம் அமிலத்துக்கு அசையாது, வெந்நீர் குழலைத் தளர்த்துவதுதான் மிச்சம்.

சிந்தெடிக் பிரஷின் நுனி கொக்கி போல வளைந்திருந்தால் வேறு வைத்தியம். கொதித்து இறக்கிய தண்ணீர் சற்று ஆறியதும் முடியை மட்டும் சில நொடி முக்கி, உடனே விரலால் நேராக்கி, ஆறவிடுங்கள். நைலான் சூட்டில் இளகி வடிவம் மாறும். இயற்கை முடிக்கு இது பொருந்தாது.

மீளாத பிரஷை எறிய வேண்டாம். கேன்வாஸில் பிரைமர் அடிக்க, மரப்பட்டை, வைக்கோல், புல் போன்ற கரடான இடங்களைத் தட்டித் தட்டி வரைய அது உதவும்.

11. எடுத்து வைப்பது

முழுக்கக் காய்ந்த பிறகு முடி மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தலாம். அடிக்கடி வரைபவர்களுக்கு அது போதும். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் சின்னக் கோரைப்பாய்த் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டிக் கட்டுங்கள். காற்று உள்ளே போகும், முடி நசுங்காது. பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். பிடியில் சாம்பல் புள்ளிகளும் முடியில் மக்கிய வாசமும் வரும்.

கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு, பிரஷ் முடியையும் தின்னும். விலையுயர்ந்த மென்முடிதான் அதற்கு முதலில் அகப்படும்; சிந்தெடிக்கைத் தொடாது. பாய்ச் சுருளைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, நாஃப்தலின் உருண்டை ஒன்றைத் துணியில் கட்டிப் போடுங்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் வைக்கலாம், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். சோப்போ பசையோ தடவி வடிவம் கொடுத்த பிரஷைக் கரப்பான் தேடி வரும்; நீண்ட நாள் வைக்கப்போவதை அலசி உலர்த்தியே வையுங்கள்.

பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து, ஒவ்வொரு பிரஷின் கழுத்தையும் விரலால் வளைத்துப் பாருங்கள். முடி வெட்டுப்பட்டது போலக் குட்டையாக இருந்தால் பூச்சி வந்துவிட்டது. எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, பெட்டியைத் துடைத்த பிறகு திரும்ப வையுங்கள். கழுத்து மட்டும் விறைப்பாக இருந்தால் போன முறை சோப்பில் எங்கோ நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கே 10ஆம் பகுதியில் சொன்ன சோப்புக் களிம்பைப் போடுங்கள்.